மூன்றாம் நிக்காஹுக்கு முன்

28 மார்ச் 1994
சுற்றுலாத் தீவு, படகுக் கொட்டகை

வஹீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு ஊர் வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. வந்ததும் மூன்று எஞ்சின்கள் பிரித்துப் போட்டபடி காத்துக் கிடந்தன. அதனால்தான் எழுதத் தாமதம். இல்லை, இது பொய். தாமதத்துக்குக் காரணம் பயம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நாம் மறுபடியும் நிக்காஹ் செய்துகொள்ளலாமா?

அன்று துறையில் நீ தடுப்பூசிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாய். கை கொடுக்க வந்தேன். "உள்ள ஐஸ் இருக்கு, சாய்க்காமப் புடி" என்றாய். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. திரும்பி வரும்போது தோணியில் இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவன் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை.

வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம் என்று ஒருநாள் போனேன். நம் தீவு அலுவலகத்து வயர்லெஸ்ஸில் யாராவது பேசினால் பக்கத்துப் பதிமூன்று தீவும் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மாலுமி ஆதம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஜௌஃபர்

9 ஏப்ரல் 1994
நிவாதூ

ஜௌஃபருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மாலுமி ஆதமுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சிரிக்கத் தெரியும். கடிதத்தைக் கொடுக்கும்போதே சிரித்தார். சாயங்காலத்துக்குள் கடற்கரை கூட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் உன்னிடமிருந்து கடிதம் வந்த விஷயம் தெரிந்துவிட்டது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

இருபது வயதில் ஒரு தலாக். இருபத்தைந்தில் இன்னொன்று. நம் ஊரில் இது பெரிய அதிசயமில்லை. பிரிவதும் சேர்வதும் மழைக்கு உள்ளே வருவதும் வெயிலுக்கு வெளியே போவதுமாகத்தான் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது அப்படியில்லை. மூன்றாவதும் ஆகிவிட்டால், நான் இன்னொருவரோடு வாழ்ந்து அதுவும் முடிந்த பிறகுதான் நமக்கு வழி. அதற்கு நான் தயாராக இல்லை. ஆக, நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. இரண்டு தடவையும் நாம் ஆசையோடுதான் சேர்ந்தோம். ஆசையில் குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. சண்டை போடத்தான் நமக்குத் தெரியவில்லை.

சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தூள் கொடுப்பேன். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று சொன்னால் எல்லாத் தாய்மாரும் தலையை ஆட்டுவார்கள். போன வருஷம் ஒருத்தி நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய், முழுப் பொட்டலத்தையும் ஒரு கோப்பைத் தேநீரில் போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து தலையாட்டலை நம்புவதில்லை. "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

நமக்கும் அதையே வைத்துக்கொள்வோம். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். படித்தவர் முதலில் தனக்கு என்ன புரிந்தது என்று எழுத வேண்டும். எழுதியவர் சரி என்று சொன்ன பிறகுதான் பதில், நியாயம், சமாதானம் எல்லாம்.

முதல் விஷயம் என்னுடையது. இரண்டாம் தலாக்கை நீ தலைநகர் மாலேயில் காஜியாரிடம் சொன்னாய். அங்கிருந்து நம் தீவு அலுவலகத்துக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். நான் அப்போது ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக எழுத்தரின் மனைவி உள்ளே வந்து, நான்கு பெண்கள் வரிசையில் நிற்க, "ஏ வஹீதா, உனக்குத் தலாக் வந்திருக்காமே, தெரியுமா?" என்றாள். நான் "தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் எடையை எழுதினேன். தப்பாக எழுதியிருக்கிறேன். மறுநாள்தான் பார்த்தேன்.

எழுது.

வஹீதா

24 ஏப்ரல் 1994

வஹீதாவுக்கு,

ஸலாம். எனக்குப் புரிந்தது இது: நான் இரண்டாம் தலாக் சொன்னது தப்பு என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். என் தம்பி வீட்டில் பிள்ளை பிறந்து பத்து நாள். கோடை. அவர்கள் தொட்டியில் மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது. நம் தொட்டியில் எடுத்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தேன். அவன் குடத்தோடு வந்தபோது நீ குழாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். அவன் வெறுங்குடத்தோடு தெருவில் நடந்துபோனதை ஊரே பார்த்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்டால் நீ பேசவில்லை. ஒருநாள், இரண்டுநாள், மூன்றுநாள். சுவரோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? அதனால்தான் தோணி ஏறினேன். அதனால்தான் காஜியார் வரை போனது.

சரியாக எழுதிவிட்டேனா?

ஜௌஃபர்

5 மே 1994

ஜௌஃபருக்கு,

இல்லை.

நான் தலாக்கைப் பற்றி எழுதவில்லை. தண்ணீரைப் பற்றியும் எழுதவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கும் நிறைய இருக்கிறது, அதற்கு வேறு கடிதம். என் கடிதத்தில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள்? நான் கையில் என்ன வைத்திருந்தேன்? மறுபடி படி. "ஆனால்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுத முடியுமா பார்.

இங்கே சூரை நிறைய விழுகிறது. எல்லா வீட்டிலும் மாசிக் கருவாடு காய்கிறது, ஊரே ஈயாக இருக்கிறது.

வஹீதா

19 மே 1994

வஹீதாவுக்கு,

இது ஐந்தாவது தாள். நான்கைக் கசக்கிக் கடலில் போட்டேன்.

எனக்குப் புரிந்தது: உன் கணவன் உன்னை விட்டுவிட்டான் என்பதை உன்னைத் தவிர எல்லோருக்கும் முதலில் சொல்லியிருக்கிறான். நீ ஊருக்கு ஊசி போடுகிற ஆள். எல்லோரும் உன்னை நம்பிக் கையை நீட்டுகிறார்கள். அவர்கள் முன்னால் உனக்கே தெரியாத உன் வீட்டுச் செய்தியை இன்னொருத்தி வாயிலிருந்து நீ கேட்டாய். அழக்கூட முடியவில்லை, கையில் குழந்தை இருந்தது. தெரியும் என்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று. நான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், பாத்திரத்தை எறிந்திருப்பாய். அதைக்கூடச் செய்ய விடாமல் நான் இரண்டு நாள் தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மன்னித்துக்கொள். இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அதில் "ஆனால்" இருந்தது.

இப்போது என் விஷயம். கோபம் வந்தால் நீ என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவாய். ஆனால் மரியம் அக்காவிடம் நிறுத்த மாட்டாய். என் பெண்டாட்டி மனதில் என்ன இருக்கிறது என்பதை மீன் வெட்டுகிற இடத்தில் உன் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். "என்னடா, உப்புப் போட்டுச் சாப்பிடுறவனா நீ? அவ எப்படிக் கிடக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. யாரும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் ஏப்ரல் கடிதத்தில் "மழைக்கு உள்ளே வருவதும் வெயிலுக்கு வெளியே போவதும்" என்று ஒரு வரி இருக்கிறது. அது உன் பேச்சில்லை. அக்கா பேச்சு. நம் கடிதங்களை எத்தனை பேர் படிக்கிறோம்?

ஜௌஃபர்

2 ஜூன் 1994

ஜௌஃபருக்கு,

ஸலாம். எழுதியது சரி. நான் எழுதியதைவிடச் சரி. பாத்திரம் எறிவது வரை தெரிந்து வைத்திருக்கிறாய்.

உன் விஷயத்தில் எனக்குப் புரிந்தது: என் மௌனம் உனக்கு மூடிய கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்போது அந்தக் கதவு இன்னும் கனமாகிறது. நம் வீட்டில் நீ மூன்றாவது ஆளாகிவிடுகிறாய். சரியா என்று அடுத்த கடிதத்தில் சொல்.

ஆமாம். மே மாதத்துக்கு முன் வந்த கடிதங்களை நானும் அக்காவும் அவள் வீட்டு ஊஞ்சல் கட்டிலில் உட்கார்ந்து படித்தோம். சத்தமாக. அவள் பாக்கு மென்றுகொண்டே "இதுக்கு இப்படி எழுது" என்பாள். நான் எழுதுவேன். நீ கண்டுபிடித்த அந்த வரி அவளுடையதுதான். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அக்காவிடம் சொல்வது என்னிடமே சொல்லிக்கொள்வது போல. உன் மே மாதக் கடிதத்தை நான் தனியாகப் படித்தேன். அவளிடம், "இனிமே படிச்சுக் காட்ட மாட்டேன்க்கா" என்றேன். "அப்படி என்ன எழுதியிருக்கான் பெரிய ரகசியம்?" என்று கேட்டாள். இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஈரப்பலாக்காய் வறுத்துக் கொண்டு வந்தாள். மன்னித்துக்கொள், ஜௌஃபர். உன் எழுத்தைச் சபையில் வைத்தது தப்பு.

இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும். பள்ளித் தலைமை ஆசிரியர் ஹலீம் மாஸ்டர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது, தெரிந்திருக்கும். தீவுத் தலைவரின் மனைவி வந்து பேசினாள். "நல்ல மனுஷன், குரல உயர்த்த மாட்டாரு" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இதை நீ வேறு யார் வழியாகவும் கேட்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உன்னைச் சீண்டுவதற்கு இல்லை.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

வஹீதா

10 ஜூலை 1994

ஜௌஃபருக்கு,

ஐந்து வாரம். நான்கு தோணிகள் வந்து போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் மாலுமி ஆதம் என்னைப் பார்த்ததும் தன் கையை விரித்துக் காட்டுகிறார். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

நீ நலமாக இருப்பதாக அவரே சொன்னார். அதனால் இது காய்ச்சல் இல்லை. நீ மறுபடி தோணி ஏறிவிட்டாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மாஸ்டருக்கு என் பதிலைச் சொல்லிவிட்டேன். அது என்னவென்று உனக்கு எழுத வேண்டாம், தவித்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி எழுதிய தாள் இதோ பக்கத்தில் இருக்கிறது. அதைக் கிழிக்கிறேன். முடியாது என்று சொன்னேன். அது உனக்காக இல்லை. அவர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "கல்யாணத்துக்கப்புறம் இந்த ஊசி வேலையெல்லாம் எதுக்கு?" நானும் குரலை உயர்த்தாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசிக்குள் நீ எழுதாவிட்டால் நான் இனி எழுத மாட்டேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. காத்திருப்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வஹீதா

18 ஜூலை 1994
மாலே

வஹீதாவுக்கு,

நீ எழுதியது அப்படியே உண்மை. எனக்குப் புரிந்ததை வேறு சொல்லில் எழுத முடியவில்லை. தோணி ஏறிவிட்டேன்.

உன் ஜூன் கடிதத்தைப் படகுத்துறையில் நின்று படித்தேன். மாஸ்டர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி மடித்தேன். மறுநாள் சரக்குப் படகில் மாலேவுக்கு வந்து, சிங்கப்பூர் போகிற கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் பெயர் கொடுத்தேன். எட்டு மாதம். யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிடும் வரை பழைய வேலையிலேயே இருந்தேன். போன வாரம் கூப்பிட்டார்கள்.

இன்று கப்பல் அலுவலகத்தில் ஒரு பையன் படிவம் நிரப்பினான். பெயர், வயது, ஊர். "அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?" என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது. எழுதிக்கொண்டான். "உறவு?" என்றான்.

"அண்ணே, உறவு என்னன்னு கேட்டேன்."

"சொல்றேன் இரு."

"பொண்டாட்டியா, தங்கச்சியா? ஒண்ணு சொல்லுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

நான் கப்பலில் செத்துப்போனால் அவர்கள் உனக்குத்தான் சொல்வார்கள். எப்படிச் சொல்வார்கள்? வயர்லெஸ்ஸில். நீ யாருடைய குழந்தையையாவது கையில் வைத்திருப்பாய். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே மாலுமி ஆதமின் மச்சான் என்னைத் தேடிப்பிடித்து உன் ஜூலைக் கடிதத்தைக் கொடுத்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஜூன் கடிதத்தை முழுக்கவும் இதையும் படித்தேன். ஜூன் கடிதத்தில் நீ மன்னிப்புக் கேட்டிருந்ததை இன்றுதான் படிக்கிறேன். மூடிய கதவைப் பற்றி நீ எழுதியது சரி.

வஹீதா, எனக்குப் பயம் வந்தால் கால் தானாக நடக்கிறது. நின்று பேசினால் தோற்றுவிடுவேன் என்றோ என்னவோ. இதை அடியோடு நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் அது பொய்யாகிவிடும். ஒன்று செய்கிறேன். வெளியே போக வேண்டியிருந்தால் போவேன். போகுமுன், எப்போது திரும்பி வந்து பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். சொன்ன நேரத்துக்கு வருவேன். இதை முயன்று பார்க்க எனக்கு இடம் கொடுப்பாயா?

மாஸ்டரிடம் நீ முடியாது என்று சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். அது எனக்காக இல்லை என்பதையும் படித்தேன். இரண்டும் புரிந்தன.

ஜௌஃபர்

30 ஜூலை 1994
நிவாதூ

ஜௌஃபருக்கு,

ஸலாம். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அந்தப் பையன் பாவம்.

இடம் கொடுக்கிறேன். என் பக்கமும் ஒன்று: நான் வாயை மூடிக்கொண்டால், "இப்போது முடியவில்லை, நாளைக்குப் பேசுகிறேன்" என்றாவது சொல்லிவிட்டு மூடிக்கொள்வேன். அந்த அளவுக்கு என்னால் முடியும்.

இனித் தண்ணீர். அந்தக் கோடையில் சுகாதார நிலையத்துத் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. ஊசிகளை வேகவைக்க நம் வீட்டுத் தண்ணீரைத்தான் எடுத்துப்போனேன். எத்தனை குடம் மிச்சம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தானாகவே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தெரியும்? நீ கடலில் இருந்தாய். நீயும் என்னைக் கேட்காமல் தம்பிக்கு வாக்குக் கொடுத்தாய். கேட்டிருந்தால், பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று நான் சொல்லியிருப்பேனா? பூட்டுப் போட்டது தப்பு. நேற்று உன் தம்பி மனைவியிடம் போய் அதைச் சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் அக்கா" என்றாள். மறக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. இப்போது மறக்கக்கூடும்.

செப்டம்பரில் உனக்கு விடுமுறை என்று மாலுமி ஆதம் சொன்னார். வா. பகலில், எல்லோரும் பார்க்க, சுகாதார நிலையத்து முன்னால் உட்கார்ந்து நாம் இருவரும் பேசுவோம். எங்கே இருப்பது, யார் வேலை என்னாவது, சண்டை வந்தால் என்ன செய்வது. கடிதத்தில் பேசுவது எளிது. தாளைக் கிழித்துவிடலாம். எதிரில் உட்கார்ந்தும் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

காஜியாரிடம் அதற்குப் பிறகு பேசலாம்.

வஹீதா

4 ஜனவரி 1995
நம் வீடு, எஞ்சின் கொட்டகை

வஹீதா,

நீ உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் பதினைந்து அடி தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் ரொட்டிப் பொட்டலத்துக்குள் வைத்துவிடுவேன். தோணியில் பிரிக்கும்போது பார்ப்பாய்.

கோபமாக இருக்கிறேன். நிக்காஹ் ஆகி மூன்று மாதம் முடியவில்லை. சுற்றுலாத் தீவு வேலையை விட்டுவிட்டு, உன்னோடு இருக்கத்தான் இந்தக் கொட்டகையைப் போட்டேன். பிரசவப் பயிற்சிக்கு மாலே போக நீ செப்டம்பரிலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறாய். நாம் அத்தனையும் பேசினோமே, அந்த வாரமே. நேற்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நேற்றுச் சொன்னாய், நாளைக்குத் தோணி. ஒரு வருஷம்.

முதல் தடவை நீ பயிற்சிக்குப் போனபோது, "போனா திரும்பி வராத"ன்னு கத்தினேன். இருபது வயசுக் கழுதை. அதை இன்று சொல்ல மாட்டேன். போக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நம் தீவில் பிரசவம் பார்க்க ஆளில்லை, எனக்கும் தெரியும். மறைத்ததுதான் வலிக்கிறது.

நாளைக்குத் துறைக்கு வந்து பெட்டியை ஏற்றுவேன். அதிகம் பேச மாட்டேன். அடுத்த வியாழக்கிழமை வரை இந்தக் கோபம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கடுத்த தோணியில் எழுதுகிறேன். எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருப்பேன்.

ஜௌஃபர்

13 ஜனவரி 1995
மாலே, பயிற்சி விடுதி

ஜௌஃபருக்கு,

ஸலாம். பொட்டலத்தை இரண்டாம் நாள்தான் பிரித்தேன். முதல் நாள் முழுக்க வாந்தி. துறையில் நீ பெட்டியை ஏற்றிவிட்டு, கயிறு அவிழ்க்கும் வரை நின்றாய். பேசவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உன் தாளைப் படித்த பிறகு ரொட்டியைச் சாப்பிட்டேன்.

மறைத்தேன். செப்டம்பரில் சுகாதார நிலையத்து முன்னால் நாம் உட்கார்ந்து பேசியபோது அந்த விண்ணப்பத்தின் நகல் உள்ளே மேசையில் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று தோணியில் யோசித்தேன். நீ கோபப்படுவாய் என்ற பயம் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. நீ அன்பாக "வேணாமே" என்று ஒரு தடவை சொன்னால் போகாமல் இருந்துவிடுவேனோ என்று பயந்தேன். பிறகு வாழ்நாள் முழுக்க அதற்காக உன்னைத் தண்டிப்பேன். என்னை நான் நம்பாததால் உன்னிடம் மறைத்தேன். மன்னித்துக்கொள்.

அறையில் ஆறு பேர். தெற்கிலிருந்து வந்த ஒருத்தி தூக்கத்தில் பேசுகிறாள், அதுவும் கணவனைத் திட்டித்தான். நேற்று முதன்முதலாக ஒரு பிரசவம் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் விட்டார்கள். பெண் குழந்தை.

வஹீதா

27 ஜனவரி 1995
நிவாதூ

வஹீதாவுக்கு,

ஸலாம். கோபம் வியாழக்கிழமை போகவில்லை. சனிக்கிழமை காலை போனது. கணக்குத் தப்பிவிட்டது, அதன் பிறகு இதுதான் முதல் தோணி.

நீ எழுதிய காரணத்தை மூன்று தடவை படித்தேன். நான் "வேணாமே" என்று சொல்லியிருப்பேன். அது நிச்சயம். அதனால் நீ பயந்தது சரி, மறைத்தது சரியில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இடமிருக்கிறது.

மீன் இறக்குகிற இடத்தில் நம் ஊர்ப் பையன்கள் விடவில்லை. "என்ன ஜௌஃபர் அண்ணே, மூணாவது தடவையும் பறந்துடுச்சா?" என்றான் ஒருத்தன். முன்பென்றால் அன்றைக்கே ஏதாவது தோணியில் ஏறியிருப்பேன். "படிக்கப் போயிருக்கா. உன் பொண்டாட்டி மாசமா இருக்கால்ல, அவளுக்குப் பிரசவம் பாக்கப் போறவ இவதான். வாயைப் பாத்துப் பேசு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

மரியம் அக்கா தினமும் மீன் சாறு கொண்டு வருகிறாள். வைத்துவிட்டு, "அவ ஏதாவது எழுதினாளா?" என்பாள். "எழுதினா." "என்னன்னு?" "நல்லா இருக்காளாம்." அதற்கு மேல் நான் சொல்வதில்லை. முறைத்துக்கொண்டே போகிறாள். மறுநாள் சாறு வருகிறது.

கடைசியாக ஒன்று. பெருநாள் விடுமுறைக்கு நீயாகவே வருகிறேன் என்று எழுதுவாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை என்றால் உனக்கு என்மேல் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொள்வதாக இருந்தேன். அது மடத்தனம், உனக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிடுகிறேன். வீடு பெரிதாக இருக்கிறது. மனம் உன்னைத் தேடுகிறது. பெருநாளுக்கு வா.

ஜௌஃபர்

8 பிப்ரவரி 1995
மாலே

ஜௌஃபருக்கு,

வருகிறேன். பத்து நாள் விடுமுறை. போக வர நான்கு நாள் கடலில் போய்விடும். மிச்சம் ஆறு. அதில் ஒருநாள் அக்கா வீட்டில் இருப்பேன், இல்லாவிட்டால் அவள் உனக்குச் சாறு கொடுப்பதை நிறுத்திவிடுவாள். அரை நாள் சுகாதார நிலையம், தடுப்பூசி ஏடு எப்படிக் கிடக்கிறதோ தெரியவில்லை. நாலரை நாள் உனக்கு.

எனக்கு இது போதாது என்று தோன்றுகிறது. உனக்கு எப்படி என்று தெரியவில்லை. குறைவு என்றால் இப்போதே எழுது, மாற்றிக்கொள்ளலாம். நான் துறையில் வந்து இறங்கிய பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் வஹீதா